மாவு கரைத்த தண்ணீர்

சண்டேமா அருகே
18 அக்டோபர் 1998

அன்புள்ள டூஃபி அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். குமாசியில் நீ ஏற்றிவிட்ட பேருந்து தமாலேயில் ஒரு நாள் முழுக்க நின்றது. அங்கிருந்து இன்னும் வடக்கே நவ்ரோங்கோ. அதற்குப் பிறகு ஒரு சரக்கு லாரியில், ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். நீ கொடுத்த நீலத் துணியின் ஓரத்தை ஓர் ஆடு தின்றுவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, மீதி முழுதாக இருக்கிறது.

பட்டம் வாங்கியவர்களை ஒரு வருடம் அரசு எங்கே வேண்டுமானாலும் அனுப்பும் என்று தெரிந்துதான் இருந்தேன். ஆனாலும் என் பெயருக்கு நேரே இந்த ஊரை எழுதியவரை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. சரித்திரப் பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் என் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் நான் வாயசைப்பதைப் பார்த்தே ஒரு மணி நேரம் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

அவென்லி என்ற பெண்ணின் வீட்டில் எனக்கு ஓர் அறை. அவளுக்கு உன் வயது இருக்கும். சந்தை நாட்களில் சோளத்தில் பிட்டோ என்ற கள் காய்ச்சி விற்கிறாள். முன்பு குமாசிச் சந்தையில் மூன்று வருடம் மூட்டை தூக்கியவள். அதனால் நம் மொழி தெரியும், முக்கியமாகத் திட்டுகள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் வந்து இறங்கியதும் அவள் ஒரு சுரைக் குடுவையில் தண்ணீர் கொடுத்தாள். வெள்ளையாகக் கலங்கியிருந்தது. கம்பு மாவைக் கரைத்திருந்தாள். நாக்கில் பட்டதும் எனக்கு வீடு வந்துவிட்டது. நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா தண்ணீரில் ஒரு சிட்டிகை மக்காச்சோள மாவைக் கரைத்துத்தானே தருவாள். அடுசே மாமாகூட அம்மாவைப் பார்த்து, "தீவா, வெறும் தண்ணி குடுத்தா கை தேஞ்சிடுமா?" என்று கேலி செய்வாரே. இங்கே ஊர் முழுக்க அம்மாதான்.

அவென்லியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பக்கம் இதை யாரும் பண்ண மாட்டாங்களே. மூணு வருஷத்துல நான் ஒரு வீட்லகூடப் பாக்கலையே" என்றாள்.

அம்மா இதை எங்கே கற்றாள்? நம் வீட்டில் யாராவது இந்தப் பக்கம் வியாபாரத்துக்கு வந்ததுண்டா? கேட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குப் போகும்போது வழக்கம்போல முற்றத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டு. அம்மா எந்த இடத்தில் சிரித்தாள் என்று எழுது.

உன்
பிராகோ


குமாசி
8 நவம்பர் 1998

என் தங்கச்சி பிராகோவுக்கு,

உன் கடிதம் அடுசே மாமாவின் தபால் பெட்டிக்கு வந்து, அவர் கையிலிருந்து எனக்குக் கிடைத்தது. கோகோ எடைபோடும் மனிதருக்குக் கடிதத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம். உறைமேல் எண்ணெய் விரல் தடம் இருந்தது, ஆனால் பிரிக்கவில்லை.

முற்றத்தில் படித்தேன். ஆடு துணியைத் தின்ற இடத்தில் உன் அம்மா, என் சித்தி, சிரித்தாள். குரல் முதல் வரிசையைத் தாண்டாத இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தத் தண்ணீரைப் பற்றிய இடம் வந்தது. என் கண் வாய்க்கு முன்னால் ஓடியதால் வாய் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மாமா.

"எழுத்து கிறுக்கலா இருக்கு."

"பட்டதாரி எழுத்தா?"

நான் கடைசிப் பத்திக்குத் தாவி, எல்லாரையும் விசாரித்ததாக என் சொந்தச் சரக்கைச் சேர்த்து முடித்தேன்.  சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிராகோ, அந்தத் தண்ணீர் உன் அம்மாவின் பழக்கம். அவ்வளவுதான். அதைப் பற்றி இனி எழுதாதே. ஏன் என்று கேட்டும் எழுதாதே. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பேச மாட்டாய், மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து வைப்பாய். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்.

வீட்டுச் செய்தி. என் அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மார்ச் ஆறாம் தேதி வருடச் சடங்கு. அது முடிந்ததும் வீட்டுப் பெண்களின் தலைவியாக அம்மாவின் இடத்தில் யாரை உட்காரவைப்பது என்று பேசப்போகிறார்கள். வயதிலும் முறையிலும் உன் அம்மாதான். வீட்டில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள், மீதிப் பேரின் சண்டையைத் தீர்த்தவள் அவள்தான். ஆனால் அடுசே மாமா மனதில் வேறொருத்தி இருக்கிறாள். அந்த வேறொருத்தி நான். எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, துணிக்கடையை விட்டால் வேறு எதுவும் தெரியாது. ஏன் நான் என்று அவர் சொல்ல மாட்டார். சொல்லவும் முடியாது. அது வரைக்கும் நல்லது.

பேருந்து ஓட்டுநரிடம் வறுத்த மரவள்ளி மாவும் இரண்டு டப்பா மீனும் மிளகாய்த் தொக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆட்டிடம் கொடுத்துவிடாதே.

உன் அக்கா
டூஃபி


சண்டேமா அருகே
27 டிசம்பர் 1998

(முதல் தாள்)

அன்புள்ள அம்மாவுக்கும் வீட்டில் எல்லாருக்கும்,

நலமாக இருக்கிறேன். பாலைக்காற்று வந்துவிட்டது. பல்லுக்கு நடுவில்கூடப் புழுதி. உதடு வெடித்து, அவென்லி கொடுத்த ஷியா வெண்ணெய் தடவி ஆறியது. போன வாரம் இங்கே பெரிய திருவிழா. ஆண்கள் மாட்டுக் கொம்பு வைத்த தலைக்கவசமும் வில்லும் அம்புமாகத் திடல் முழுக்க ஆடினார்கள். புழுதியில் முகம் தெரியவில்லை, கொம்புகள் மட்டும் தெரிந்தன. என் குரல் இப்போது மூன்றாம் வரிசை வரை போகிறது. அம்மா, முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறாயா?

(இரண்டாம் தாள்)

அக்கா, இது உனக்கு மட்டும்.

எழுதாதே என்றாய். ஏழு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன்.

நவம்பரில் அடிமை வியாபாரம் பற்றிப் பாடம் எடுத்தேன். புத்தகத்தில் ஒரு வரைபடம் உண்டு. கடற்கரைக் கோட்டையிலிருந்து அம்புக்குறிகள் கிளம்பிக் கடலைத் தாண்டிப் போகும். நானும் பள்ளியில் அதைத்தான் படித்தேன், பல்கலைக்கழகத்திலும் அதைத்தான் வரைந்து மதிப்பெண் வாங்கினேன். கரும்பலகையில் வரைந்து முடித்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கோட்டைக்கு முன்னாடி அவங்க எங்க இருந்தாங்க?" என்று கேட்டாள். அம்பு கடற்கரையில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் என் கையில் எதுவும் இல்லை. நாளை சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

திருவிழா எதற்கென்றால், ஆள் பிடிக்கக் குதிரையில் வந்தவர்களை இவர்களுடைய முன்னோர்கள் அடித்துத் துரத்தியதற்காக. பிட்டோ பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த அவென்லியிடம், துரத்துவதற்கு முன்னால் பிடிபட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "உங்க ஊருக்குத்தான்" என்றாள். "எல்லாரையுமா கப்பல்ல ஏத்தினாங்க? சந்தையில நிறுத்தினாங்க, உங்க ஆளுங்க கோலாக் கொட்டை மூட்டையோட வந்து வாங்கிட்டுப் போனாங்க. பாதிப் பேரு உங்க வீட்லயேதான் இருந்திருப்பாங்க." தபால் நிலையத்துக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "நீ தண்ணியைப் பத்திச் சொன்ன அன்னிக்கே நெனச்சேன். நீயா கேக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

அக்கா, நேராகக் கேட்கிறேன். அம்மாவின் பாட்டியோ, அவளுடைய அம்மாவோ விலைக்கு வாங்கப்பட்டவளா? நம் வீட்டில் எல்லாரும் அவள் வழியில் வந்தவர்களா, அல்லது அம்மாவும் நானும் மட்டுமா? அடுசே மாமா மனதில் நீ இருப்பதற்குக் காரணம் அதுதானா? நீ சந்தையில் துணி சுமந்தபோது நான் பள்ளிக்கூடம் போனேன். என்னை ஏன் அனுப்பினீர்கள்? பாவம் என்றா?

இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தாளில் எழுதும்போது உன் முகம் எதிரில் இல்லை.

பிராகோ


குமாசி
24 ஜனவரி 1999

பிராகோ,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. கேட்டேன். ஊரே கேட்டு எனக்குச் சொன்னது.

சடங்குக்குக் கருப்பும் சிவப்புமாகத் துணி எடுக்க நான் லோமே போயிருந்தேன். எல்லையில் நான்கு நாள் நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஞாயிறு நான் வரவில்லை. உன் கடிதம் மாமாவிடம் கிடந்தது. வடக்கே காய்ச்சல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்தி தாங்க மாட்டாமல், "எம் பொண்ணு நல்லா இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று மாமாவைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஒரு தாளைக் கையில் எடுத்தால் வானொலி போலத்தான் படிப்பார். முற்றத்தில் பதினைந்து பேர். முதல் தாளை முடித்து, மூச்சு வாங்கி, இரண்டாம் தாளை எடுத்தார். "அக்கா, இது உனக்கு மட்டும்" என்பதையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். தெரிந்து படித்தாரா, வாய் நிற்காமல் படித்தாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முடித்ததும்தான் கூட்டம் எப்படி இருக்கிறதென்று நிமிர்ந்து பார்த்தாராம்.

இந்த நாட்டில் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதை இன்னொருவர் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. அரசர் காலத்துச் சட்டம். சொன்னவர் ஆடு கொடுக்க வேண்டும். உனக்குச் சரித்திரத்தில் அதைச் சொல்லித்தரவில்லையா? இப்போது வீட்டில் ஒரே வழக்கு. சொன்னது யார்? எழுதிய நீயா, படித்த அவரா? மாமா சொல்கிறார், "நான் சொல்லலை, காகிதம் சொல்லுச்சு."

நான் வந்தபோது சித்தி அறையை விட்டு வெளியே வராமல் நான்கு நாள் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் வந்தாள், குளித்தாள், சமைத்தாள். பக்கத்து ஊரிலிருந்து சடங்கு பற்றிப் பேச ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வெறும் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிவாக. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் கடிதம் செய்த வேலை அது.

கேட்டாய், சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயதிலிருந்து தெரியும். உன் அம்மாவின் கலங்கல் தண்ணீரைச் சொல்லி நான் சிரித்தேன் என்று என் அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு உட்காரவைத்து ஒரே ஒருமுறை சொன்னாள். ஆம், விலைக்கு வந்தது உங்கள் வழி மட்டும்தான். "இது ஒனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. ஒரு பார்வைல கூட" என்றாள். இருபத்தைந்து வருடம் என் பார்வையைக் காவல் காத்திருக்கிறேன், பிராகோ. நீ ஒரு தபால்தலையில் முடித்துவிட்டாய்.

உன்னைப் படிக்க வைத்தது பாவம் பார்த்து என்றா நினைத்தாய்? நான் ஆறாம் வகுப்பில் மூன்று முறை தோற்றேன். நீ தோற்கவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மார்ச்சில் தலைவியின் ஆசனத்தில் என்னை உட்காரச் சொல்வார்கள். காரணத்தை யாரும் சொல்ல வேண்டிய அவசியம்கூட இப்போது இல்லை.

டூஃபி


சண்டேமா அருகே
3 பிப்ரவரி 1999

அக்கா,

இந்தத் தாளை எட்டு முறை தொடங்கினேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயும் எதுவும் சொல்லாதே. நான் அழுதேன் என்று மட்டும் சொல். வேண்டாம், அதையும் சொல்லாதே.

பிராகோ


சண்டேமா அருகே
16 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் ஒரு சிறு பொட்டலம் வருகிறது. பேருந்து ஓட்டுநர் நீ மீன் டப்பா கொடுத்தனுப்பியவர்தான், பெயர் கேட்டு உன் கடையில் சேர்ப்பார். உள்ளே கம்பு மாவு. அவென்லி வறுத்து அரைத்தது. அம்மாவிடம் கொடு. எதுவும் சொல்ல வேண்டாம்.

உன் கடிதத்தை அவென்லிக்குப் படித்துக்காட்டினேன். தப்பென்று சொல்லாதே, இங்கே எனக்கு வேறு யாருமில்லை. அம்மா வெறும் தண்ணீர் கொடுத்த இடம் வந்ததும் அவள் பிட்டோ கிண்டுவதை நிறுத்திவிட்டாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டு வாசல்ல முன்னோருக்குத் தண்ணி ஊத்துவோம், பாத்திருக்க இல்ல?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன். வாசல் முன்னால் மண்ணில் குவித்த மேடு, அதன்மேல் மாவு கரைத்த தண்ணீர். "தெரிஞ்ச பேரையெல்லாம் சொல்லி ஊத்திட்டு, கடைசியா ஒரு சொட்டு தனியா விடுவோம். தொலைஞ்சு போனவங்களுக்கு. பேரு தெரியாது. ஆனா விடாம ஊத்துறோம். உன் ஆளு இத்தனை வருஷமும் குடிச்சிட்டுதான் இருந்திருப்பா" என்றாள்.

அன்று முதல் எனக்கு ஏதோ பாரம் இறங்கிவிட்டது போலிருக்கிறது. ஒரு பக்கம் இவர்கள் ஊற்றியிருக்கிறார்கள். மறுபக்கம் அந்தத் தொலைந்தவள் வழியில் வந்தவர்கள் மாவைக் கரைத்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல்.

வாங்கப்பட்டவள் என்பதில் எனக்கு வெட்கமில்லை, அக்கா. நடந்துபார்த்தால்தான் தெரியும், இங்கிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம் என்று. நான் லாரியிலும் பேருந்திலும் வந்தே உட்கார முடியாமல் இருந்தேன். அவள் நடந்தாள். நடந்து முடித்தாள். அதனால் அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன்.

என் தப்பு வேறு. அம்மா மடித்து வைத்ததை அவளைக் கேட்காமல் நான் பிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை முற்றத்தில் படிக்க வேண்டும் என்றால் படி. வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த முறை உன் இஷ்டம்.

நீ பார்வையைக் காவல் காத்தாய் என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நீ என்னை வேறு மாதிரிப் பார்த்ததாக நினைவில்லை. எல்லாவற்றையும் பார்த்து வைப்பவள் என்று என்னைச் சொல்வாயே, எனக்கே அகப்படவில்லை.

உன்
பிராகோ


குமாசி
14 மார்ச் 1999

என் தங்கச்சிக்கு,

உட்கார்ந்து படி. நான் எழுதக் கூடியவள் அல்ல, ஆனால் இதை வேறு யாரும் உனக்குச் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

பொட்டலத்தைச் சித்தியிடம் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உன் கடிதத்தைக் கேட்டாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். முடித்ததும், "நவம்பர்ல ஒரு எடத்துல நிறுத்தினியே, அதையும் படி" என்றாள். அந்தக் கடிதம் என் பையிலேயேதான் இருந்தது. படித்தேன். "அவ நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றாள்.

சடங்கு நன்றாக நடந்தது. ஊர் முழுக்கக் கருப்பும் சிவப்பும், அதில் பாதி என் கடைத் துணி. செவ்வாய்க்கிழமை குடும்பத் தலைவர் எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார். முதலில் ஆட்டு வழக்கு. மாமா பழைய பாட்டையே பாடினார், காகிதம் சொல்லுச்சு, நான் வெறும் வாய் என்று. "வாய் இல்லாம காகிதம் பேசுமாப்பா?" என்றார் தலைவர். நான் சும்மா இருக்க முடியாமல், "'உனக்கு மட்டும்'னு போட்டிருந்துச்சே மாமா, அதையும்தானே சத்தமாப் படிச்சீங்க?" என்றேன். கூட்டம் சிரித்துவிட்டது. மாமாவுக்கு ஒரு ஆடு தீர்ப்பானது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. நீ எழுதியது உன் சொந்த வழியைப் பற்றி. பிறரைச் சொல்லக் கூடாது என்றுதான் சட்டம். தன்னைச் சொல்வதற்குச் சட்டமே இல்லை, ஏனென்றால் அப்படி யாரும் செய்ததில்லை.

மாமா எழுந்தார். ஆடு தருகிறேன், ஆனால் கேட்டது கேட்டதுதான், இனி ஆசனத்துக்கு டூஃபி, அதில் பேச்சில்லை என்றார். சில தலைகள் ஆடின. பிராகோ, நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள். கையில் சுரைக் குடுவை. நீ அனுப்பிய மாவு.

அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க கொள்ளுப் பாட்டி இந்த வீட்டுக்கு நடந்து வந்தா, இடுப்புல கயித்தோட. அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. டூஃபி வழில ஒரு அம்மா அவளை வாங்கினாங்க. மூணு மாசம் அவ பேசவே இல்லையாம். நாலாம் மாசம் ஒரு விருந்தாளி வந்தாரு. யாரும் சொல்லாம அவளா எழுந்து போயி மாவைக் கரைச்சுக் கொண்டுவந்து நீட்டினா. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கிறது யாரு? வீட்டுக்காரிதானே? அந்த அம்மா பாத்துட்டு, இவ இந்த வீட்டுப் பொண்ணு, இனி ஒரு பய வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாங்களாம். அவங்க புண்ணியவதி. அவங்களை நான் தினமும் நெனைக்கிறேன்."

தலைவர் மெதுவாக, அவள் பெயர் என்ன என்று கேட்டார்.

"இந்த வீட்ல வெச்ச பேரு தெரியும். அவங்க அம்மா வெச்ச பேரு தெரியாது. கேக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, அதனால யாரும் கேக்கலை, அவளோட போயிடுச்சு. பேசினதுக்கு ஒரு ஆடுன்னு சொல்லிட்டீங்க. இதுக்கு எத்தனை ஆடுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க."

 

அப்புறம் குடுவையைத் தலைவரிடம் நீட்டினாள். "அறுபது வருஷமா என் கையால குடிச்சிருக்கீங்க. யாருக்காவது வயித்த வலிச்சுதா?" அவர் குடித்தார். நான் அடுத்து வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, என்னை உட்காரவைத்தால் உட்காருவேன், அன்றைக்கே எழுந்து சித்தியை உட்காரவைப்பேன், இரண்டு முறை ஆடு வெட்டுவது உங்கள் விருப்பம் என்று சொன்னேன். என் குரல் கடைசி வரிசை தாண்டி ரோடு வரைக்கும் போனதாம்.

உன் அம்மாவை ஆசனத்தில் உட்காரவைத்து, மங்கலமாக வெள்ளைத் துணி போர்த்தி, கையில் வெள்ளைக் களிமண் தடவினார்கள். எல்லாம் சுபமாக முடிந்ததென்று நினைக்காதே. இரண்டு பெரியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா ஆட்டை ஆள் மூலம் அனுப்பினார். முற்றத்துக்கு வருவதில்லை. கடிதங்களைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார். சித்தி தினமும் சாயந்திரம் அவருக்கென்று ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து மூடி வைக்கிறாள்.

தலைவியின் முதல் உத்தரவு எனக்கு வந்தது: பிராகோ எழுதுவதை இனி ஒரு வரிகூடத் தாண்டாமல் படிக்க வேண்டும். ஆகவே என்ன வேண்டுமானாலும் எழுது. ஆனால் இனிமேல் ஒரே தாளில் எழுது.

உன் அக்கா
டூஃபி


சண்டேமா அருகே
1 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும் முற்றத்தில் இருக்கும் எல்லாருக்கும்,

இதுவே இங்கிருந்து நான் எழுதும் கடைசிக் கடிதம். அடுத்த மாதம் வந்துவிடுவேன்.

இன்று அடிமை விடுதலை நாள் என்று வானொலி காலையிலிருந்தே முரசு ஒலிக்கிறது. கடலைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் கோட்டைக்கு வந்து அழுகிறார்களாம். அவர்கள் வரட்டும், நன்றாக அழட்டும், அவர்களுக்குச் சேர வேண்டிய அழுகை அது. கடலுக்குப் போகாமல் வழியிலேயே நம் முற்றங்களில் தங்கிவிட்டவர்களைப் பற்றி வானொலி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் ஒருவேளை ஆடு பயமோ என்னவோ.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்த மாதிரி செய்தோம். அவென்லி வாசல் மேட்டில் தண்ணீர் ஊற்றினாள். கடைசிச் சொட்டை ஊற்ற என் கையில் குடுவையைக் கொடுத்தாள். பெயர் தெரியாது என்று சொல்லி ஊற்றினேன். அதன் பிறகு, பக்கத்தில் யாரும் சொல்லித்தராமல், இன்னொரு சொட்டு ஊற்றினேன், அவளை மகள் என்று சொன்ன அம்மாவுக்காக. அவென்லி முகம் கொஞ்சம் சுளித்தது. வாங்கினவளுக்குமா என்பது போல. சரிதான் என்று எனக்கும் தோன்றியது, ஆனாலும் ஊற்றியதைத் திரும்ப எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு நன்றி இருக்கிறது, கயிறும் நினைவிருக்கிறது. இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

பள்ளி மூடும் முன் கடைசி வாரம் அதே வரைபடத்தை மறுபடி வரைந்தேன். கடற்கரைக்கு வடக்கே அம்புக்குறியை நீட்டி, இந்த ஊரில் தொடங்கினேன். ஓர் அம்பு கோட்டைக்கும் கப்பலுக்கும் போனது. இன்னொன்றைப் பாதியில் நிறுத்தினேன். மூன்றாம் வரிசைப் பெண் விடவில்லை. "டீச்சர், அது எங்க முடியுது?"

"எங்க வீட்டு முற்றத்துல" என்றேன். கடைசி வரிசை திரும்பிப் பார்த்தது. கேட்டிருக்கிறது.

அம்மா, நீ இத்தனை வருடம் மாவை விடாமல் கரைத்ததற்கு நன்றி. அக்கா, நீ நிறுத்திய இடத்துக்கும் நன்றி, பிறகு படித்ததற்கும் நன்றி. அவென்லி இரண்டு குடுவை கொடுத்திருக்கிறாள், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று உனக்கு. ஆட்டிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவருகிறேன்.

அக்கா, இத்தோடு நீ படிப்பதை நிறுத்திவிடு. தாளை மடித்து, அம்மா மூடி வைத்திருக்கும் குவளையையும் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போ. கீழே உள்ளது அவருக்கு. அவர் குரலில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுசே மாமா,

என் சின்ன வயதில் நீங்கள் முற்றத்தில் செய்தித்தாள் படிப்பதைக் கேட்டுத்தான் எனக்கு எழுத்தின்மேல் ஆசை வந்தது. அதை உங்களிடம் சொன்னதே இல்லை, கூச்சம். நான் வரும் ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்கு வாருங்கள். இதை முதலிலிருந்து எல்லாருக்கும் சத்தமாகப் படியுங்கள். இந்த முறை யாரும் ஆடு கேட்க மாட்டார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிராகோ